நிலம், பொழுது, இயல்பு: திணையைச் சூழலியலாக வாசித்தல் – மலேசிய நிலங்களை முன்வைத்து ஒரு மறுபார்வை

முன்னுரை

திணைக் கோட்பாடு இன்று தமிழ் எல்லையைக் கடந்து உலகச் சூழலியல் திறனாய்வில் இடம்பெற்றுள்ளது. 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்கு முன்னின்று உழைத்த தனிநாயக அடிகள், சங்கப் பாடல்களில் நிலத்திற்கும் மனித உணர்வுக்கும் உள்ள உறவை ஆங்கிலத்தில் விரிவாக எடுத்துரைத்தவர். மறு ஆண்டு வெளிவந்த ஏ. கே. இராமானுசனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு, அவ்வுறவை 'அகநிலம்' என்னும் கருத்தாக மேலை வாசகரிடம் சேர்த்தது. பின்னர் நிர்மல் செல்வமணி முதலியோர் திணையைச் சூழலியல் திறனாய்வின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாக நிறுவ முயன்றனர்.

இம்மரபின் தொடர்ச்சியாக மாநாட்டுக் கட்டுரைகள் பலவற்றில் இரண்டு முடிபுகள் வழக்கமாகிவிட்டன. ஐந்திணை என்பது ஐந்து சூழல் மண்டலங்களின் பகுப்பு. ஆகவே சூழலியல் தோன்றுவதற்கு முன்பே தமிழர் அதனை அறிந்திருந்தனர் என்பது முதல் முடிபு. தமிழர் குடியேறிய எந்த நாட்டு நிலத்தின்மீதும் அப்பகுப்பை வைத்துப் பார்க்கலாம் என்பது இரண்டாவது. கேமரன் மலை குறிஞ்சி, செம்பனைத் தோட்டம் முல்லை, நெல்வயல் சூழ்ந்த கெடா மருதம், கிள்ளான் கடற்கரை நெய்தல் எனப் பட்டியலிடுவது இரண்டாம் முடிபின் விளைவாகும்.

முதல் முடிபு பாதி உண்மை, இரண்டாவது பிழை. அப்பிழை எங்கே நேர்கிறது என்று காண்பதே திணையின் உண்மையான வலிமையை அறியும் வழியாகும் என்பது இக்கட்டுரையின் வாதம். தட்பவெப்பமும் மண்ணும் சேர்ந்து ஓரிடத்து உயிர்வாழ்வை எவ்வாறு நடத்துகின்றன என்னும் வினாவைத் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் அடுத்தடுத்து எழுப்பிப் பார்ப்பதே இங்குக் கைக்கொள்ளும் முறை.

இயல்பு என்னும் சொல்

தொல்காப்பியத்து அகத்திணையியல் முதற்பொருளை வரையறுக்குமிடத்தில் நிலம், பொழுது என்னும் இரண்டைச் சுட்டுவதோடு அமையவில்லை. அவ்விரண்டின் இயல்பையே முதல் எனக் கூறுகிறது. இச்சொல்லை நம் கட்டுரைகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. இடத்தின் பெயர் வேறு, இடத்தின் இயல்பு வேறு. மலை என்பது இடம். அம்மலையில் எவ்வளவு மழை பெய்கிறது, பெய்த நீர் மண்ணில் எத்தனை நாள் தங்குகிறது, இரவில் குளிர் எவ்வளவு இறங்குகிறது என்பன இயல்பு. கருப்பொருள்களான மரமும் விலங்கும் பறவையும் உணவும் தொழிலும் இவ்வியல்பிலிருந்து பிறப்பனவேயன்றி இடப்பெயரிலிருந்து பிறப்பன அல்ல.

மேற்குத் தொடர்ச்சி மலையே இதற்குச் சான்று. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாற்றில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கும் கூடுதலாக மழை பெய்கிறது. மலையிறங்கிய கோயம்புத்தூர்ச் சமவெளி, மழை மறைவுப் பகுதியாதலின் 700 மி.மீ. அளவையும் எட்டுவது அரிது. மலையின் ஒருபுறம் பசுமைமாறாக் காடும் மறுபுறம் முட்புதர்க் காடும் இருப்பது இதனால்தான். இரண்டையும் 'மலையும் மலை சார்ந்த இடமும்' என ஒரே பெயரால் அழைத்தால் அவற்றின் வேறுபாடு மறைந்துவிடும்.

நீலகிரியின் உயர்முகடுகளிலும் இதே நிலைதான். மடிப்புகளில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. பனிக்காலத்து உறைபனி திறந்த சரிவுகளில் மர நாற்றுகளைக் கருக்கிவிடுகிறது; புல் அதனைத் தாங்கி நிற்கிறது. மண்ணின் ஆழமும் ஈரமும் இவ்வேறுபாட்டை மேலும் வலுப்படுத்துகின்றன. திணைக்குப் பெயர் தந்ததாகக் கருதப்படும் நீலக்குறிஞ்சி, சோலையின் நிழலில் வளர்வதன்று. புல்வெளிச் சரிவில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்வது. குறிஞ்சியை அடர்காட்டின் குறியீடாக மட்டும் எழுதும் கட்டுரைகள், அப்பூவின் வாழ்விடத்தையே தவறவிடுகின்றன. ஆங்கில ஆட்சியில் இப்புல்வெளிகள் பயனற்ற தரிசாக எண்ணப்பட்டுச் சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டன. இயல்பை அறியாமல் இடத்தைப் பெயரிட்டதன் விலை அது.

செம்மண்ணும் கார்காலமும்

திணைக் கோட்பாட்டில் தட்பவெப்பத்தின் பங்கு மிகத் தெளிவாகப் புலப்படுவது முல்லையில். முல்லைக்குப் பெரும்பொழுது கார்; சிறுபொழுது மாலை. கோடையில் வறண்டு கிடந்த செம்மண் காடு, முதல் மழையில் சில நாள்களுக்குள் பசுமை கொள்வதும், புல் தழைப்பதும், ஆனிரை பெருகுவதும், பிரிந்து சென்ற தலைவன் மீள்வதும் ஒரே கோவையாக அமைகின்றன.

இத்திடீர்ப் பசுமைக்கு நீர் மட்டும் காரணமன்று. நெடுநாள் காய்ந்த மண் நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஒருசேர விழித்துச் செயற்படுகின்றன. மக்கிய பொருளிலும் இறந்த நுண்ணுயிரிலும் அடைபட்டிருந்த தழைச்சத்து குறுகிய காலத்தில் வெளிப்பட்டு வேருக்குக் கிட்டுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்களை ஆய்ந்த பேர்ச் என்னும் அறிஞர் 1958இல் இதனை விளக்கினார். மண்ணியலில் இன்றும் அவர் பெயராலேயே இவ்விளைவு வழங்குகிறது. மண் எவ்வளவு காலம் காய்ந்திருந்ததோ அதற்கேற்ப முதல் மழையின் விளைவும் பெருகும். ஆகவே முல்லையின் இயல்பு மழையில் மட்டுமில்லை. மழைக்கு முந்தைய வறட்சியிலும் இருக்கிறது. காத்திருத்தல் முல்லையின் உரிப்பொருளாவதற்கு நிலத்திலேயே ஓர் அடிப்படை உண்டு.

செம்புலத்தில் பெய்த நீரை உவமையாக்கித் தம் பெயரையும் அவ்வுவமையாலேயே பெற்ற குறுந்தொகைப் புலவர் பாடியது இரு நெஞ்சங்களின் கலப்பைப் பற்றி. அப்பாட்டை மண்ணியல் ஏடாக வாசிப்பது புலவருக்குச் செய்யும் மரியாதையன்று. ஆயினும் இரும்புத் துகள் ஏறிச் சிவந்த மண்ணில் விழும் மழை அக்கணமே நிறம் மாறுவதைப் பலமுறை கண்ட சமூகத்திலேயே அவ்வுவமை உடனே பொருள்படும். வெண்மணற்பரப்பில் வாழ்வோர் நடுவே அது பிறந்திருக்க இயலாது. மண் இங்கே பாட்டின் பொருளாக இல்லை. பாட்டு பிறப்பதற்குரிய முன்நிபந்தனையாக இருக்கிறது. முதற்பொருள் என்பதன் பொருளும் இதுவே.

பாலை: நிலைமாற்றத்தின் பெயர்

தொல்காப்பியம் நான்கு திணைகளுக்கே நிலம் வகுக்கிறது. பாலைக்குப் பொழுது உண்டு, நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயர் தரும் வடிவம் கொள்வதே பாலை எனச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை விளக்குகிறது. 'தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லாமையால் நிலம் வகுக்கப்படவில்லை' என்று கூறி இதனைக் கடந்துசெல்வது எளிது. ஆனால் இவ்விடத்தில்தான் கோட்பாடு தன் உயர்ந்த நிலையை எட்டுகிறது.

ஒரே நிலம், வேனிலும் பின்பனியும் நீடிக்க, வேறொரு முறையில் இயங்கத் தொடங்குகிறது என்பது இதன் கருத்து. அடியில் கெட்டிப்பாறை கொண்ட ஆழமற்ற செம்மண் விரைவில் ஈரம் இழக்கும். கரிசல் அதே வெயிலில் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும். வெப்பம் ஒன்றாயினும் மண் வேறாதலின், இயல்பு திரியும் காலமும் அளவும் வேறுபடுகின்றன. தட்பவெப்பம் ஒரு நிலத்தை எல்லை வரை தள்ளுகிறது. அவ்வெல்லை எங்கிருக்கிறது என்பதை மண் முடிவு செய்கிறது. திணையை நிலவரைபடமாக மட்டும் காண்போர்க்குப் பாலை ஒரு குறையாகத் தோன்றும். அதனை உறவுகளின் இயக்கமாகக் காண்போர்க்குப் பாலையே திறவுகோல்.

ஒப்புமையின் எல்லை

இங்குத் திணையை மண்ணியலோடு ஒப்பிடும் ஆர்வம் எழுவது இயல்பு. இரசிய அறிஞர் தக்குச்சாயெவ் 1883இல் தம் நாட்டுக் கருமண்ணை ஆராய்ந்து, மண் என்பது பொடிந்த பாறை மட்டுமன்று, தட்பவெப்பமும் உயிரும் பாறையும் நிலமட்டமும் காலமும் கூடி உருவாக்கும் இயற்கைப் பொருள் என நிறுவினார். 1941இல் ஹான்ஸ் யென்னி இவ்வைந்து காரணிகளையும் ஒரு சமன்பாட்டில் அமைத்தார். இடையே 1935இல் டான்சிலி, உயிரினங்களையும் அவை வாழும் மண், காற்று, நீர் ஆகியவற்றையும் பிரிக்கவியலாத ஒரே அமைப்பாகக் கருதிச் சூழல் மண்டலம் என்னும் கருத்தை முன்வைத்தார்.

நிலமும் பொழுதும் முதலென்றும் உயிரும் தொழிலும் அவற்றின்வழிக் கரு என்றும் கூறும் நம் வரிசை, இவ்வறிஞர்களின் சிந்தனையோடு திசையில் ஒத்திருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் மூன்று வேறுபாடுகளை மறைத்துவிட்டு ஒப்புமை பேசுதல் ஆய்வாகாது.

முதலாவது, திணையின் பொழுது சுழல்வது. ஆறு பருவங்களும் நாளின் கூறுகளும் மீண்டும் மீண்டும் வருவன. யென்னியின் காலமோ மீளாதது. பாறை மண்ணாகவும், மண் சத்து நீங்கி முதிரவும் ஆகும் பல்லாயிரம் ஆண்டுகள் அது. காவிரிக் கழிமுகத்து வண்டல் இளமையான மண். ஆற்றால் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டிமுடிக்கப்பட்ட பின் வண்டலில் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. மருதத்தின் பெரும்பொழுதும் சிறுபொழுதும் முன்போலவே வருகின்றன. மண்ணின் வரலாறோ திசைமாறிவிட்டது. இம்மாற்றத்தைச் சொல்லத் திணையில் சொல் இல்லை.

இரண்டாவது, திணை கருப்பொருள்களைத் தொகுத்து உரைக்கிறது. அவற்றினூடே சத்தும் ஆற்றலும் எவ்வாறு கைமாறுகின்றன என்று கேட்பதில்லை. மூன்றாவது, திணையின் நோக்கம் உரிப்பொருள். அது கவிதைக்கு இலக்கணம் செய்ய எழுந்தது. இவற்றைக் குறைகள் எனக் கொள்ள வேண்டா. ஒரு கோட்பாடு எதற்காகச் செய்யப்பட்டதோ அதன் எல்லைகள் இவை. 'நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்' என்னும் பெருமிதம் அவ்வெல்லைகளை அழித்துவிடுகிறது. அதன்பின் நாம் மண்ணை ஆராய வேண்டிய தேவையே இல்லாமற் போய்விடுகிறது.

மழை மாறாத நாட்டில் மண்

இவ்வெல்லைகளோடு மலேசிய நிலங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 900 மி.மீ.; அதில் பாதிக்கு அண்மையான பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில மாதங்களில் வருகிறது. கோலாலம்பூரிலோ ஆண்டுக்கு 2,400 மி.மீ. அளவில் மழை, வறண்ட மாதம் என ஒன்று இல்லை. மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஓரிரு பாகைக்குள்ளேயே மாறுகிறது. ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் இடையிலோ அதனினும் பன்மடங்கு வேறுபாடு உண்டு. தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவம் வெள்ளம் கொணர்கிறது. வடபகுதியில் ஆண்டின் தொடக்கத்தில் சிறு வறட்சி உண்டு. தமிழர் மிகுதியாகக் குடியேறிய மேற்குக் கரையின் நடுப்பகுதியில் பெரும்பொழுதுகள் ஆறும் காலூன்ற இடமில்லை.

பருவ வேறுபாடு இல்லையெனில் நிலங்கள் எல்லாம் ஒரே தன்மையன ஆகிவிடுமா? இல்லை. மழையும் வெயிலும் ஏறத்தாழ எங்கும் ஒன்றாக இருக்கும்போது வேறுபாட்டை உண்டாக்கும் பொறுப்பு மண்ணிடம் செல்கிறது. சமதளத்து மழைக்காட்டைக் காண்போர் அம்மண் மிக வளமானது என எண்ணுவர். உண்மையில் நெடுங்காலப் பெருமழையில் சத்துகள் கரைந்தோடிய, அமிலத்தன்மை மிக்க, முதிர்ந்த மண் அது. காட்டின் செல்வத்தில் பெரும்பங்கு மண்ணில் இல்லை. மரங்களின் உடலிலேயே இருக்கிறது. உதிர்ந்த இலை சில திங்களிலேயே மக்கிவிடும். மெராந்தி இன மரங்களின் வேரோடு ஒன்றி வாழும் பூஞ்சைகள் அச்சத்தைச் சிந்தாமல் மீண்டும் வேருக்குள் சேர்க்கின்றன. காட்டை வெட்டி எரித்தால் அச்செல்வம் சில மழைகளில் போய்விடும்.

கடற்கரையிலும் இவ்வாறே. தொல்காப்பியத்து நெய்தல் பெருமணல் நிலம். மலாக்கா நீரிணையின் அலை தணிந்த மேற்குக் கரையிலோ ஆறுகள் கொணர்ந்த சேறு படிந்து அலையாத்திக் காடு வளர்கிறது. பேராக் மாநிலத்து மாத்தாங் காடு ஏறத்தாழ 40,000 எக்டேர் பரப்புடையது. உயிர்வளியற்ற அச்சேற்றில் மரங்கள் மூச்சுவேர் விட்டு வாழ்கின்றன. பெருமணலைக் காணக் கிழக்குக் கரைக்குச் செல்ல வேண்டும். 'கிள்ளான் நெய்தல்' என எழுதும்போது இச்சேறும் மூச்சுவேரும் நம் வாசிப்பிலிருந்து மறைந்துவிடுகின்றன.

பத்துமலை இன்னும் கூர்மையான சான்று. மலையும் முருகனும் இருத்தலின் அதனைக் குறிஞ்சி எனக் கூறுவது நமக்கு எளிது. பத்துமலை ஒரு சுண்ணாம்புக்கல் குன்று. கோலாலம்பூருக்குரிய அதே மழை அதன்மீதும் பெய்கிறது. ஆனால் பாறை வெடிப்புகளின்வழி நீர் உடனே இறங்கிவிட, மேற்பரப்பில் மிக மெல்லிய மண்ணே தங்குகிறது. பெருமழைக்கு நடுவே வறட்சியைத் தாங்கும் செடிகள் அங்கு வளர்கின்றன. அதன் குகைகளில் மட்டுமே வாழும் ஒரு பொறிக்கதவுச் சிலந்தி இனம் உண்டு. பக்தி அக்குன்றைச் சேயோனின் இடமாக்கியது வரலாற்று உண்மை, அது மதிக்கத்தக்கது. குன்றின் இயல்பை அறிய விரும்புவோர் சுண்ணாம்புக்கல்லிடம்தான் கேட்க வேண்டும்.

பிறர் இட்ட பெயர்கள்

இந்நிலங்கள் பெயரற்றுக் கிடந்தவை அல்ல. சரவாக் மாநிலத்து ஈபான் மக்கள் 'கெராங்காஸ்' என ஒரு சொல்லை வழங்குகின்றனர்; நெல் விளையாத நிலம் என்பது அதன் பொருள். வெண்மணற்பாங்கான, சத்து மிகக் குறைந்த அந்நிலத்தில் மரங்கள் மெலிந்தும் குட்டையாகவும் நிற்கின்றன. தழைச்சத்துக்காகப் பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகள் அங்குச் செழிக்கின்றன. பாக்கோ தேசியப் பூங்காவில் இதனைக் காணலாம். அருகிலுள்ள உயர்ந்த காட்டுக்கும் இதற்கும் மழை ஒன்றே, மண் வேறு. ஒரு நிலம் எதனைத் தரும், எதனைத் தராது என்று கண்டு அதனாலேயே பெயரிட்ட இவ்வறிவு, முதலிலிருந்து கருவைக் காணும் திணை அறிவுக்கு உறவானது. தமிழ் ஆய்வாளர் கெராங்காசின்மீது 'பாலை' என்னும் பெயரை ஒட்டும்போது, தம் கோட்பாட்டுக்கு மிக நெருங்கிய ஒரு கோட்பாட்டை அறியாமலே அழித்துவிடுகின்றனர்.

மலாய் மொழியில் 'கம்புட்' எனப்படுவது இன்னொரு நிலம். நீர் தேங்கிய இடத்தில் இலையும் மரமும் முற்றும் மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்த கரிய மண் அது; சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். நடுவில் மேடிட்டு உயர்ந்திருத்தலின் ஆற்று வெள்ளம் அதனை எட்டுவதில்லை. மழை கொணரும் சிறு சத்தே அதன் உணவு. சரவாக்கின் கம்புட் சதுப்புகளில் விளிம்பிலிருந்து நடுநோக்கிச் செல்லச் செல்ல மரங்கள் குறுகி, இனங்கள் மாறி, வட்டம் வட்டமாகக் காடு வேறுபடுவதை ஆண்டர்சன் 1960களில் விளக்கினார்.

இந்நிலத்தின் உயிர்நிலை நீர். வடிகால் வெட்டினால் காற்றுப் புகுந்து மண் மக்கத் தொடங்கும். நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழும். கோடை நீண்டால் எரியும். 1997–98இலும் 2015இலும் எல் நினோ வறட்சியின்போது சுமத்திராவிலும் கலிமந்தானிலும் வடிக்கப்பட்ட கம்புட் நிலங்கள் எரிந்ததே மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடிய புகைமூட்டத்திற்குப் பெரும் காரணம். இயல்பு திரிந்து துயர் தரும் வடிவம் கொள்ளுதல் என்னும் சிலப்பதிகார விளக்கம் இங்கு வேறெங்கினும் பொருந்துகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கூறாமல் விடக்கூடாது. மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகும். எரிந்த கம்புட் எந்த மனிதரின் வாழ்நாளிலும் மீள்வதில்லை. சுழலும் பொழுதை நம்பிய கோட்பாடு, மீளாக் காலத்தின் முன் நிற்குமிடம் இது.

பால்மரக் காடு எத்திணை?

மலேசியத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதிக்குக் களம் பால்மரத் தோட்டம். அது எத்திணை என்னும் வினா பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. அமேசான் காட்டு மரமொன்று, 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த சில நாற்றுகளின் வழியே இங்குப் பரவியது. வெப்பமும் மழையும் ஒத்திருந்தன. தாயகத்தில் அதனை வாட்டிய இலைக்கருகல் நோய் இங்கு இல்லை. அத்தோட்டங்களில் தொடக்கக் காலங்களில் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் விடாது செத்தி எடுக்கும் முறை பின்பற்றப்பட்டது. மறைப்பு நீங்கிய சரிவுகளில் பெருமழை மேல்மண்ணை வாரிச் சென்றது. பின்னரே அவரையினக் கொடிகளைத் தரைமூடியாக வளர்க்கும் வழக்கம் வந்தது. மண்ணைக் காத்த பூண்டுகளைக் களைய மண்வெட்டி பிடித்த கைகளுள் மிகுதியானவை தமிழர் கைகள். ஆணை அவர்களுடையதன்று, உழைப்பு அவர்களுடையது. தோட்டத்தை முல்லை என்றோ மருதம் என்றோ பெயரிட்டு அழகுபடுத்தும் கட்டுரை இவ்வரலாற்றை மண்ணோடு சேர்த்து அரித்துவிடுகிறது.

ஆயினும் திணை இங்குப் பயனற்றதன்று. பெரும்பொழுது காலூன்றாத இந்நாட்டில் சிறுபொழுது வலிமை பெற்று நிற்கிறது. பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்குகிறது; மரத்தின் நீரழுத்தம் அப்போது மிகுந்திருத்தலின் பால் நன்கு வடியும், வெயில் ஏற ஏறக் குறையும். வைகறையும் விடியலும் மருதத்திற்கு உரியவை என்பதால் தோட்டம் மருதமாகிவிடாது. அங்கு ஊடலுக்குரிய பொழுது, இங்கு உழைப்புக்குரிய பொழுது. முல்லைக்கு மழை கூடலின் வாக்குறுதி. தோட்டத்திலோ இரவு மழையில் பட்டை நனைந்தால் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் வரவு சுருங்கும். அதே மழை, வேறு மண், வேறு மரம், வேறு தொழில்; ஆகவே வேறு உரிப்பொருள். மலேசியப் புதினமொன்றில் மழை வரும்போது திறனாய்வாளர் கேட்க வேண்டியது அது கார்காலத்தை நினைவூட்டுகிறதா என்பதை அன்று. அம்மழை யாருடைய எந்த வேலையை எந்த நேரத்தில் நிறுத்துகிறது என்பதையே.

முடிவுரை

நிலங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்றும், திணைகள் மயங்குதல் விலக்கப்படவில்லை என்றும் தொல்காப்பியம் கூறியுள்ளது. உரிப்பொருளைக் கடல்கடந்து எடுத்துச் செல்லலாம். அதனைச் சுமந்து வந்தவர்களின் பேரர்களே நாம். நிலத்தை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. புலம்பெயர்ந்த தமிழரின் இலக்கியம் முழுவதற்கும் இவ்விதி பொருந்தும்.

ஆகவே புலம்பெயர் நிலங்களைப் பற்றிய திணை ஆய்வு, ஐந்து பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு இடம் தேடுவதாக அமையக்கூடாது. அந்நிலத்தில் மழை எவ்வாறு பெய்கிறது, பெய்த நீரை மண் என்ன செய்கிறது, அதனால் எவ்வுயிரும் எத்தொழிலும் நிலைபெறுகின்றன, அந்நிலத்தாரே அதற்கு என்ன பெயர் இட்டுள்ளனர் என்னும் நான்கு வினாக்களோடு அது தொடங்க வேண்டும். நார்வேயின் பனிநிலத்திற்கும் கனடாவின் புல்வெளிக்கும் விடைகள் வேறாகும், வினாக்கள் மாறா. அங்கெல்லாம் எழுதப்படும் தமிழ்க் கவிதைக்கு உரை காணவும் இவ்வினாக்களே உதவும்.

இதற்குத் தமிழ்த்துறைகள் மண்ணியல், வானிலையியல், காட்டியல் துறைகளோடும், ஈபான், தெமுவான் முதலிய மண்ணின் மக்களோடும் சேர்ந்து பணியாற்ற வேண்டியிருக்கும். மலேசியத் தோட்டப்புறத்து முதியோரிடம் மண், மழை, மரம், வேலை நேரம் பற்றிய சொற்கள் இன்னும் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளாகி வருகின்றன. அச்சொற்களை வழங்குவோரும் குறைந்து வருகின்றனர். இம்மாநாட்டின் பேராளர்கள் தத்தம் நாட்டில் அத்தகைய சொற்களைத் தொகுக்கும் பணியை மேற்கொண்டால், அடுத்த மாநாட்டில் திணை பற்றிய விவாதம் மண்ணிலிருந்து தொடங்க வழியுண்டு.